லோரியில் இருக்கிற தகட்டைச் சுடுங்கள்

போன மாதம், மென்பொருள் சோதிக்கிற உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பெயர் வேண்டாம். மருத்துவமனையில் நோயாளிக்கு எவ்வளவு மருந்து கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் ஒரு மென்பொருளைப் பற்றித்தான் பேச்சு. எழுதிய குழுவே அதைச் சோதித்தும் முடித்துவிட்டதாம். ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டதாம். சோதனைப் பிரிவிலிருந்து ஒரு கையெழுத்து மட்டும் போதுமாம். "எல்லா டெஸ்டும் பாஸ்னு அவங்களே ரிப்போர்ட் குடுத்துட்டாங்க, ஐயா. போட்டுக் குடுத்துட்டா என்ன?" என்று கேட்டார்.

நான் அவரைத் திட்டிவிட்டேன். எண்பது வயதைத் தாண்டியவன், சிரம்பான் பக்கம் பாரோயில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, நல்ல மனதோடு யோசனை கேட்ட பெண்ணைத் திட்டினேன். அந்தக் கோபம் அவர்மேல் வந்ததல்ல என்பதை அவருக்கும் உங்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு சில ஆண்டுகள் உங்கள் அலுவலகத்துக்கு வந்து, புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சோதனையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நாற்பது ஆண்டுகள் இரும்பைச் சோதித்தவன் என்று என்னை அறிமுகப்படுத்துவார்கள். அந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. கோலப்பிலாவுக்கும் பகாவுக்கும் நடுவே, பெரிய சடக்கிலிருந்து, அதாவது நெடுஞ்சாலையிலிருந்து, உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிட்டராக இருந்தேன். ஆலையில் இயந்திரம் நின்றால் ஓட்டுவது, தோட்டத்து வண்டிகளைப் பார்த்துக்கொள்வது, இவைதான் என் வேலை.

காட்டுக்குள் இருந்து அரசாங்கத்தோடு சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் செய்தியும் போய்விடக் கூடாதென்று, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து முள்வேலி போட்டிருந்தார்கள். நான்கு மைல் தள்ளி நாலாங்கட்டைப் பிரிவில் இருந்த குடும்பங்களும் வேலிக்குள் வந்துவிட்டன. ஆனால் அவர்கள் பால் வெட்ட வேண்டிய மரங்கள் அங்கேயேதான் நின்றன. அதனால் விடிந்ததும் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, பதினொரு மணிவாக்கில் பாலோடு சேர்த்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். வழியில் ஒரு சிவப்பு மண்மேட்டை இரண்டாக வெட்டிச் சடக்கு போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் லோரிக்கு மேலே உயர்ந்த மண்சுவர், அதற்கு மேலே காடு. அங்கே ஏற்கனவே இரண்டு தடவை சுட்டிருந்தார்கள்.

லோரியை ஓட்டியவர் முனியாண்டி அண்ணன். முப்பத்தைந்து வயதிருக்கும். வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். "வண்டி பேசறது கால்லதான் தம்பி கேக்கும்" என்பார். அவர் மனைவி அஞ்சலை நாலாங்கட்டையில் பால் வெட்டியவர். புருஷன் ஓட்டும் லோரியின் பின்னால் நின்றபடிதான் தினமும் வேலைக்குப் போய்வருவார். இரண்டு பேரும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த நாட்களில் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார், குண்டு துளைக்காமலிருக்கத் தங்கள் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்துத் துரை தன் காரைச் சிரம்பானை அடுத்த ராசாப் பக்கம் இருந்த ஒரு பட்டறைக்கு அனுப்பினார். கார் திரும்பி வந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஏறி உட்காரவில்லை. கதவுத் தகடு ஒன்றைக் கழற்றச் சொன்னார். நான்தான் கழற்றினேன். ஆலைக்குப் பின்னால் மண் எடுத்த பள்ளத்தில் அதை நிறுத்திவைத்து, தோட்டத்துக் காவலுக்கு இருந்த மலாய் சார்ஜன்டைக் கூப்பிட்டு, முப்பது கெஜத்திலிருந்து சுடச் சொன்னார். மூன்று குண்டுகள். மூன்று பள்ளங்கள் விழுந்தன, ஓட்டை விழவில்லை. அதற்குப் பிறகுதான் துரை அந்தக் காரில் ஏறினார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை என்றால் என்ன என்று துரைக்குத் தெரியும். செய்தவன் பேச்சை நம்பாமல், பட்டறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று நன்றாகவே தெரியும். தன் உயிர் என்றபோது தெரிந்திருந்தது.

பிறகு ஒரு நாள், அந்தக் காரில் பக்கக் கண்ணாடி மாட்டுவதற்காகத் தகட்டில் துளை போடச் சொன்னார்கள். என்னிடமிருந்த துரப்பண ஊசி இரண்டு சுற்றில் முனை மழுங்கிப்போனது. அடுத்ததும் அப்படியே. கடைசியில் காரையே பட்டறைக்கு அனுப்பித் துளை போட்டுக்கொண்டு வந்தோம். நல்ல கடினத் தகடு அப்படித்தான் இருக்கும்.

சில மாதங்கள் கழித்து லோரிக்கும் தகடு அடிக்க உத்தரவு வந்தது. அதே பட்டறைதான். ஓட்டுநர் அறையின் கதவுகளுக்கும் பின்பக்கத்தின் இரண்டு ஓரங்களுக்கும் தகடு. பச்சைப் பெயின்ட் அடித்து, பார்க்கக் கம்பீரமாக வந்து நின்றது. கூடவே ஒரு காகிதம். தகடு செய்தவர் கையெழுத்து, சோதித்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து என்று மூன்று இடம். மூன்றிலும் பட்டறைக்காரரே கையெழுத்துப் போட்டிருந்தார். அடியில் நான்காவதாக ஓர் இடம் காலியாக இருந்தது. தோட்டத்தின் சார்பில் பெற்றுக்கொண்டவர். அது நான்.

முனியாண்டி அண்ணன் தகட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். ஒரே சந்தோஷம். "இப்ப நானும் துரை மாதிரிலா!" என்று சிரித்தார். லோரிக்கும் பக்கக் கண்ணாடி வேண்டும் என்றார். துளை போட ஆரம்பித்தேன். ஊசி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. சுருள் சுருளாக இரும்புத்தூள் என் காலடியில் விழுந்தது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதில் சந்தேகமே வேண்டாம். இது சாதா இரும்பு. தண்ணீர்த்தொட்டி செய்கிற இரும்பு.

காகிதத்தை எடுத்துக்கொண்டு பெரிய கிராணியிடம் போனேன். தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அவர், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் மடிப்பு கலையாத மனிதர். தகடு மென்மையாக இருக்கிறது, துரை காருக்குச் செய்தது போல ஒன்றைக் கழற்றிச் சுட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"தம்பி, சேர்ட்டிபிகேட் வந்திட்டுது. பாஸ் எண்டு எழுதிக் கிடக்கு. நீர் வேற என்ன கதைக்கிறீர்?"

"செஞ்சவரே சோதிச்சு, அவரே பாஸ் போட்டிருக்காரு சார்."

"அவருக்குத் தெரியாததா உமக்குத் தெரியும்? புது லோரியில ஓட்டை போடச் சொல்லி நான் துரையிட்ட போய்க் கேக்கிறதோ? நாளைக்கு வண்டி ஓட வேணும். கையெழுத்தை வையும்."

கையெழுத்தை வைத்தேன்.

யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. துப்பாக்கி காட்டவில்லை. ஒரு மனிதர் கொஞ்சம் எரிச்சலாகப் பேசினார், அவ்வளவுதான். அதற்கே போட்டுவிட்டேன். அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தபோது முனியாண்டி அண்ணன் லோரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். அண்ணே, இந்தக் கதவை நம்பாதீங்க என்று ஒரு வார்த்தை. சொன்னால் ஊரெல்லாம் பேச்சாகும், கிராணி கோபித்துக்கொள்வார், ஒருவேளை நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு ஆலைக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, பதினொரு மணி பால் லோரி வரவில்லை. மண்மேட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. காவல்காரர்கள் ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். மண்மேட்டைத் தாண்டி இருநூறு கெஜம் தள்ளி லோரி நின்றிருந்தது. குண்டு பட்ட பிறகும் முனியாண்டி அண்ணன் அவ்வளவு தூரம் ஓட்டி வந்து, பின்னால் இருந்தவர்களை அந்த இடத்தைவிட்டு வெளியே கொண்டுவந்திருந்தார். சுட்டவர்கள் தொடர்ந்து வரவில்லை. பின்னால் பால் வெட்டும் பெண் ஒருவருக்குத் தோளில் காயம். பால் டின்கள் ஓட்டையாகி, லோரியின் அடியெல்லாம் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. அஞ்சலை அக்கா புருஷனை மடியில் சாய்த்துப் பிடித்தபடி சடக்கில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அண்ணனுடைய நெஞ்சின் வலப்பக்கத்தைத் தன் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தார். உயிர் ஏற்கனவே போய்விட்டிருந்தது.

அன்றைக்குப் பிற்பகலே பட்டறைக்காரர் ஆளனுப்பி லோரியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பழுது பார்க்கத்தான். கிராணி அனுமதி கொடுத்தார். நான் ஆஸ்பத்திரியில் நின்றிருந்தேன். யாரும் கதவைச் சரியாகப் பார்க்குமுன் கதவு போய்விட்டது. அதைச் செய்தவரே அதைச் சோதித்தார். அதற்குள்ளே ஆள் செத்ததும், ஏன் செத்தார் என்று விசாரித்தவரும் அவரேதான். இரண்டு நாளில் அறிக்கை வந்தது. ஓட்டுநர் வெளியே பார்ப்பதற்காகக் கதவில் விட்டிருந்த சந்து வழியாகக் குண்டு நுழைந்தது. தகட்டில் குறை எதுவும் இல்லை. கிராணி அதைப் படித்துக் காட்டி, கோப்பில் வைத்துவிட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் லோரி திரும்பி வந்தது. புதிய கதவுத் தகடு, புதிய பச்சைப் பெயின்ட். புதிதாக ஓர் ஓட்டுநரும் வந்திருந்தார். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் லோரியைப் பார்த்து நடந்தார்கள். அஞ்சலை அக்கா நின்றுவிட்டார்.

"நான் ஏறமாட்டேன்" என்றார்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏதோ சமாதானம் சொன்னார். அறிக்கையில் இருப்பதையும் சொன்னார், சந்து வழியாக வந்த குண்டு என்று.

"சந்து வழியா வந்திச்சா? சந்து மூஞ்சிக்கு நேரா இருக்கு. அவருக்கு நெஞ்சிலல்ல பட்டிச்சு. கதவுல ஓட்டை இருந்திச்சு. நான் தொட்டுப் பாத்தேன், என் வெரலு உள்ள போச்சு. அந்தக் கதவு எங்க?"

ஏற்கனவே ஏறியிருந்தவர்கள் ஒவ்வொருவராக லோரியிலிருந்து இறங்கினார்கள்.

அந்தக் காலத்தில் அப்படி இறங்கி நிற்பது எத்தனை பெரிய விஷயம் என்று இன்று உங்களுக்குப் புரிய வைப்பது கடினம். கிராணி ஓடி வந்தார். "அம்மா, காலம் தெரியாமல் நிக்கிறீர். வேலைக்குப் போகாமல் கூட்டமா நிண்டால் இதுக்கு வேற பேர் வைப்பினம். பொலிஸ் ஜீப் வந்தால் என்னால ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். மிரட்டவில்லை, உண்மையைத்தான் சொன்னார். கம்யூனிஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டால் விசாரணையில்லாமல் உள்ளே போட்டுவிடலாம். அஞ்சலை அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

அக்கா கிராணியைப் பார்த்துச் சொன்னார்: "நான் வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லல. துரை காரைச் சுட்டுப் பாத்தாங்கல்ல? இதையும் சுட்டுப் பாக்கச் சொல்லுங்க. தாங்குனா ஏறுறேன்."

அரை மணி நேரத்தில் துரையே வந்தார். பால் நிறைந்து வழியும் மரங்கள், வெயில் ஏறினால் அன்றைய வெட்டு வீண். அவர் கணக்கு அவருக்கு. பட்டறைக்காரரைக் கூப்பிடச் சொன்னார். பிற்பகல் மூன்று மணிக்கு மண் எடுத்த பள்ளத்தில் சோதனை என்று முடிவானது.

பட்டறைக்காரர் புன்னகையோடு வந்திறங்கினார். தன் வண்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார். லோரிக்கு அடித்ததும் இதே தகடுதான், இது மாதிரி என்றார். சார்ஜன்ட் அதை மேட்டில் சாய்த்துவைத்தார். அவர் சொன்னபடி தகட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிரப்பிய ஒரு பிஸ்கட் டின்னை வைத்தோம். குண்டு உள்ளே வந்தால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். முப்பது கெஜம். மூன்று தடவை சுட்டார். டின் அசையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

பட்டறைக்காரர் கைகளை விரித்தார். துரை தன் தோட்டத் தமிழில், "நல்ல தகடு. எல்லாம் பாத்தாச்சு. நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போ" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டினார். கூட்டம் கலையத் தொடங்கியது. கிராணிக்கு நிம்மதி. எனக்கும் ஒரு கணம் நிம்மதி வந்தது, மறைக்கமாட்டேன். நான் நினைத்தது தப்பு, என் கையெழுத்தில் பிழையில்லை என்று நம்ப எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அஞ்சலை அக்கா நகரவில்லை.

"இவரு கார்ல கொண்டாந்த தகட்டுக்குப் பின்னாலயா எங்க வீட்டுக்காரரு உக்காந்திருந்தாரு? லோரில இருக்கறதைச் சுடுங்க."

பட்டறைக்காரரின் புன்னகை மாறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதரிடம் நல்ல தகடு இருக்கிறது. எது நல்ல தகடு என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஒன்றைக் காருக்கும் ஒன்றைக் காட்டுவதற்கும் வைத்துக்கொண்டு, மற்றதை லோரிக்கு அடித்திருக்கிறார். பால் வெட்டுகிறவர்களின் லோரியை யார் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று.

"ஒத்த ஆளுக்காகப் புது வண்டியை நாசம் பண்ண முடியுமா துரை?" என்றார் அவர்.

என் வாய் திறந்தது. "அது வேற தகடு. நான் துளை போட்டுப் பாத்திருக்கேன். கார்ல ஊசி மழுங்கிச்சு, லோரில நேரா உள்ள எறங்கிச்சு. நான் கழட்டித் தர்றேன்" என்றேன்.

பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தின் நகலை எடுத்து எல்லோர் முன்னாலும் விரித்தார். "ஓ, துளை போட்டுப் பாத்தீங்களா? பாத்துட்டுத்தான் இதுல கையெழுத்துப் போட்டீங்களா? பாருங்க துரை. உங்க ஆளே பாத்து, சரின்னு வாங்கிக்கிட்ட வண்டி."

அஞ்சலை அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, தொளை போட்ட அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சுக்கா."

"அப்பறம் ஏன் போட்ட?"

"கிராணி போடச் சொன்னாரு."

"கிராணியா அந்த லோரில போனாரு?"

ஒரு அடி விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கழட்டுங்க" என்றார். அதுவரை நான் அவருக்குத் தம்பி, நீ. அதற்குப் பிறகு கடைசிவரை நீங்கதான்.

பின்பக்கத்தில் மாற்றாமல் விட்டிருந்த ஓரத் தகடு ஒன்றைக் கழற்றினேன். சார்ஜன்ட் தகட்டை அதே இடத்தில் வைத்து, அதே டின்னை அதன் பின்னால் நகர்த்தினார். ஒரே ஒரு குண்டுதான். தகட்டின் சத்தமே வேறாக இருந்தது. முன்னே கேட்ட கணீர் சத்தம் இல்லை, துணி கிழிவது போல ஒரு சத்தம். டின்னின் இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சியது. சார்ஜன்ட் துப்பாக்கியை இறக்கிவிட்டு, அடுத்த குண்டுக்குத் தேவையில்லை என்பது போலத் தலையசைத்தார். தகட்டைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் அந்த ஓட்டை வழியாக வந்து பட்டறைக்காரரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

துரை காதுவரை சிவந்துபோய், எல்லாத் தகட்டையும் மாற்று என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

பத்து நாளில் புதுத் தகடுகள் வந்தன. இந்தத் தடவை பட்டறைக்காரர் மாதிரி எதுவும் கொண்டுவரவில்லை. சார்ஜன்ட் அஞ்சலை அக்காவைப் பார்த்து, "மானா சத்து?" என்றார். எது என்று கேட்கிறார். அக்கா ஒரு சுண்ணாம்புக் கட்டியை வாங்கிக்கொண்டு லோரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் பளிச்சென்று இருந்ததை விட்டுவிட்டார். கதவில் ஒன்று, பின்னால் யார் கண்ணிலும் படாத ஓரத்தில் ஒன்று, போல்ட்டு புதிதாகத் திருகியிருந்த இடத்தில் ஒன்று, மூன்றில் கோடு போட்டார். மூன்றையும் கழற்றிச் சுட்டோம். மூன்றும் தாங்கின. அதற்குப் பிறகு ஏறினார். அவர் ஏறியதும் மற்றவர்கள் ஏறினார்கள். அதே மண்மேட்டில் பிறகும் இரண்டு தடவை சுட்டார்கள். தகட்டில் பள்ளம் விழுந்தது, ஆள் விழவில்லை.

நான் பிறகு எத்தனையோ சோதனையாளர்களோடு வேலை செய்திருக்கிறேன். வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் உண்டு. எதைச் சோதிப்பது என்பதைச் செய்தவனைக் கேட்காமல் தானே தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள் அவர்களிலும் சிலர்தான். நீங்கள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுதிய குழு தேர்ந்தெடுத்துக் கொடுத்த உள்ளீடுகளை, அவர்கள் தயார் செய்து வைத்த இயந்திரத்தில், அவர்கள் பக்கத்தில் நிற்க ஓட்டிப் பார்த்துவிட்டுப் பாஸ் போடுகிறீர்கள். காரில் கொண்டுவந்த தகட்டைச் சுடுகிறீர்கள். எழுதியவர்கள் எல்லோரும் அந்தப் பட்டறைக்காரரைப் போல ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் நல்லவர்கள்தான். நல்லவர்களுக்கும் தான் செய்தது ஓடுவதைப் பார்க்கத்தான் ஆசை, உடைவதைப் பார்க்க ஆசை இருக்காது. எனக்கே அந்தப் பள்ளத்தில் நின்றபோது அந்த ஆசை இருந்தது, நான் வெறும் கையெழுத்துப் போட்டவன்.

என் கோபம் அதோடு தீரவில்லை. தகடு மாறியது. அறிக்கை மாறவில்லை. சந்து வழியாக வந்த குண்டு என்றுதான் கோப்பில் இருந்தது. துரையிடம் கேட்டேன், முடிந்த விஷயம் என்றார். ஆனால் முடியவில்லை. அதே பட்டறை பக்கத்துத் தோட்டங்களின் லோரிகளுக்கும் தகடு அடித்துக்கொண்டிருந்தது. அவற்றிலும் ஆட்கள் தினமும் போய் வந்தார்கள். எங்கள் தோட்டத்துக்குக் கெட்ட பேர் வருமென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் சிரம்பான் போலீஸ் தலைமை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தட்டச்சு செய்து தரக் கிராணி மறுத்துவிட்டார். கையாலேயே எழுதினேன். நான் துளை போட்டது, தெரிந்தே கையெழுத்துப் போட்டது, இரண்டையும் முதல் பத்தியிலேயே எழுதினேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒரு மாதத்தில் தோட்டத்திலிருந்து எனக்குச் சீட்டுக் கிழிந்தது. வேலை தேடி ராசாவுக்கு வந்த சமயம், அந்தப் பட்டறை வாசலில் மூன்று தோட்டத்து லோரிகள் தகடு கழற்றிய நிலையில் நிற்பதையும், ஒரு போலீஸ்காரர் ஒவ்வொரு தகட்டிலும் எண் எழுதிக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். சடக்கின் எதிர்ப்பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரர் மேல் வழக்கு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. பிறகு இரும்பு சோதிக்கும் ஒரு கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சாட்சியாக அஞ்சலை அக்காவின் கைநாட்டு வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். படிங்க என்றார். ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். நான் கையெழுத்துப் போட்ட இடம் வந்தபோது சீப்பு ஒரு கணம் நின்றது, மறுபடி நகர்ந்தது. சம்பவம் நடந்த அன்று கதவுத் தகட்டில் ஓட்டை ஒன்று இருந்ததாகத் தெரிகிறது என்ற வரிக்கு வந்தேன்.

"என்னது?" என்றார்.

மறுபடி படித்தேன்.

"இருந்ததாத் தெரியுதா? யாருக்குத் தெரியுது? பெரிய ஆளுங்களுக்கு எழுதறப்ப அப்பிடித்தான் எழுதணுமா?"

"அப்பிடி எழுதறது வழக்கம்."

"வழக்கத்தை எடுங்க. இருந்திச்சுன்னு எழுதுங்க."

நின்றபடியே, சுவரில் காகிதத்தை வைத்து, அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன். கதவுத் தகட்டில் ஓட்டை இருந்தது. அவர் எழுந்து வந்து, எந்த இடம் என்று கேட்டு, அந்த வரிக்கு நேராகவே கட்டைவிரலை அழுத்தினார்.